'புரியுதா?' என்று கேட்காதீர்கள்: சார்ட்டைச் சோதிக்கையில் நடக்கும் தவறுகள்

ஒரு சார்ட்டைப் பயனர் முன் வைத்ததும் வாயில் வரும் முதல் கேள்வி, "புரியுதா?" எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். புரியவில்லை என்று சொல்லக் கூச்சம் ஒரு பக்கம். தப்பாகப் புரிந்துகொண்டவருக்கும் புரிந்த மாதிரியேதான் தோன்றும் என்பது இன்னொரு பக்கம்.

புயல் பாதை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு, அதைச் சுற்றிப் போகப்போக அகலமாகும் கூம்பு. நம் வானிலைத் துறையும் இப்படித்தான் வெளியிடுகிறது. புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டுமே கூம்பு காட்டுகிறது. ஆனால் பலர் அதைப் புயலின் பருமனாக வாசிக்கிறார்கள். கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்றும் நினைக்கிறார்கள். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் பல ஆண்டுகளாகப் பின்பற்றிய முறையில், முந்தைய 5 ஆண்டுக் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி கூம்பின் அகலம் வைக்கப்பட்டது. ஆக, ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை மையமே வெளியே போய்விடலாம். காற்றும் மழையும் அதையும் தாண்டிப் போகும்.

இதைச் சோதிப்பவர் கேட்க வேண்டியது இப்படி: "கூம்பின் ஓரத்திலிருந்து 50 கி.மீ. தள்ளி இருக்கும் இந்த ஊரில் பலத்த காற்று வீச வாய்ப்பு உண்டா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. சரியான பதிலைத் தப்பான காரணத்தோடு சொல்பவர்கள் நிறைய.

"மார்ச் மாத விற்பனை எவ்வளவு?" என்பது போன்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. அதற்கு ஒரு அட்டவணையே போதுமே! ஒப்பிடுவது, போக்கைச் சொல்வது, விதிவிலக்கைக் கண்டுபிடிப்பது, முடிவெடுப்பது என்று அந்த சார்ட் எதற்காக வரையப்பட்டதோ அந்த வேலையைக் கொடுங்கள்.

பிடித்ததையும் சரியாகப் படித்ததையும் ஒரே மதிப்பெண்ணில் கலக்காதீர்கள். புள்ளியியலாளர்கள் கிளீவ்லாந்தும் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட சோதனையில், பார் சார்ட்டில் போலப் பொது அளவுகோலில் இடத்தை வைத்து ஒப்பிட்டபோது கிடைத்த துல்லியம், பை சார்ட்டில் போலக் கோணத்தை வைத்து ஒப்பிட்டபோது கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பை சார்ட் அழகாக இருக்கிறது என்று பத்துப் பேர் சொன்னாலும் 23 சதவீதத்தையும் 26 சதவீதத்தையும் அதில் பிரித்தறிவது கஷ்டம்தான். நேரத்தையும் தனியாகக் குறித்துவையுங்கள். சட்டென்று வந்த தப்பான பதில் வேகக் கணக்கில் வெற்றியாகத் தெரியும்.

இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது எல்லோருக்கும் முதலில் அ, பிறகு ஆ என்று காட்டினால், பழக்கத்தின் பலன் முழுக்க ஆவுக்குப் போய்விடும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள். தரவையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பதிலை நினைவிலிருந்து சொல்வார்கள். கஷ்டத்தின் அளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

பயனர் சோதனைக்கு '5 பேர் போதும்' என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு எங்கே செல்லுபடியாகும் என்று பாருங்கள். ஒரு குறையை ஒருவர் எதிர்கொள்ளும் வாய்ப்பு 31 சதவீதம் என்று வைத்தால், ஐவரில் ஒருவராவது அதில் இடறும் வாய்ப்பு சுமார் 84 சதவீதம். குறை தேட அது சரி. அ நல்லதா ஆ நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல ஐந்து பேர் பற்றாது.

சக ஊழியர்களை உட்காரவைப்பது, தொடங்கும் முன்பே சார்ட்டை விளக்கிவிடுவது, பெரிய மானிட்டரில் மட்டும் காட்டுவது எல்லாம் தெரிந்தே செய்யும் தவறுகள். போனில் பார்க்கப்போகிறவருக்குப் போனிலேயே கொடுங்கள். அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள், உதவிக்குப் போகாதீர்கள்.