கோடை ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் செய்யக் கூடாதவை

மதுரைக் கல்லூரிகளில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் படிக்கும் பலர் ஏப்ரல் பிறந்த பிறகுதான் கோடை ஆய்வுக்கு இடம் தேடுகிறார்கள். அது ரொம்பத் தாமதம். மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். காமராசர் பல்கலைக்கழகத்திலோ அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலோ நேரடியாகக் கேட்பதென்றால், அந்த ஆய்வாளரின் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் அனுப்பிய மெயில் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஆய்வகத்துக்குள் வந்ததும் முதலில் பைப்பெட், திரவத்தை மிகச் சிறிய அளவில் உறிஞ்சி எடுக்கும் கருவி. அதன் பொத்தானுக்கு இரண்டு நிலைகள் உண்டு. உறிஞ்சும்போது முதல் நிலையோடு நிறுத்துங்கள். இரண்டாவது, வெளியேற்றும்போது மட்டும். பதற்றத்தில் அடிவரை அமுக்கி உறிஞ்சினால் அளவு கூடிவிடும். 2 மைக்ரோலிட்டர் எடுக்கும் இடத்தில் அது பெரிய பிழை. வேதிவினைகளை நடத்தித் தரும் என்சைம்கள் பெரும்பாலும் பாதி கிளிசரால் கலந்த திரவத்தில் இருக்கும், அது தண்ணீரைவிடக் கெட்டி. பைப்பெட்டின் நுனியில் மாட்டும் டிப்பை ஆழமாக முக்கினால் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். மேற்பரப்பைத் தொட்டாற்போல் வைத்து மெதுவாக இழுங்கள். அப்புறம், மே மாத மதுரை வெக்கையில் என்சைமை மேசைமேல் வைத்துவிட்டு டீக்குப் போகாதீர்கள்; அது ஐஸிலேயே இருக்கட்டும்.

இதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். எனக்குக் கவலை தருவது வேறு. டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆரில், டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றையும் வைப்போம். பெருகியதை ஜெல்லில் ஓடவிட்டுப் பார்க்கும்போது, அந்தக் குழாய்க்கான லேன் (வரிசை) காலியாக இருக்க வேண்டும். அதில் பேண்ட், அதாவது டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை, வந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது. மற்ற லேன்களில் வந்ததையும் நம்ப முடியாது. அந்த நேரத்தில் சிலர் அந்த லேனை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தைக் காட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் ஏதாவது முடிவு காட்ட வேண்டுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜெல்லை அப்படியே வழிகாட்டியிடம் கொண்டுபோனால், தண்ணீர், பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) என்று ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றிப் பார்க்கச் சொல்வார், குற்றவாளி அகப்பட்டுவிடும். மறைத்தால் அடுத்து வருபவரும் அதே கலப்படத்தோடு மல்லுக்கட்டுவார்.

நோட்டில் அன்றன்றைக்கே, பேனாவில் எழுதுங்கள். பிழையை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், வெள்ளை மை வேண்டாம். செல் வளர்க்கிறீர்கள் என்றால் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மீடியத்தை, அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை, மாற்ற வேண்டியிருக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தாராளமாகப் போங்கள், வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு.

நோயாளிகளின் மாதிரிகள் உள்ள ஆய்வகத்தில் இன்னும் கவனம் தேவை. குழாயில் பெயரோ மருத்துவமனை எண்ணோ இருக்கலாம். அது தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, நம்மை நம்பிக் கைநாட்டு வைத்து ரத்தம் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம். படம் வேண்டுமென்றால் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு, மாதிரிகள் இருக்கும் மேசையை விட்டு விலகி நின்று எடுங்கள்.