பச்சைப் பெட்டியை நம்பும் முன்: ஜீனோம் மென்பொருள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் நெற்பயிரின் வேர்மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, அதன் ஜீனோமை, அதாவது முழு மரபுத்தொகுதியை, வரிசைப்படுத்தி வாங்கிவரும் முதுகலை மாணவர்கள் பலர், அது காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்றே முதலில் சொல்வார்கள். சான்று கேட்டால், வளர்சிதைமாற்றப் பாதைகளைத் தொகுத்துவைத்திருக்கும் கெக் (KEGG) தரவுத்தளத்தின் நைட்ரஜன் படத்தில் பச்சை நிறமேறிய பெட்டிகளைக் காட்டுவார்கள். ஒரு பெட்டி ஒரு நொதி; அதற்கான மரபணு ஜீனோமில் இருப்பதாக மென்பொருள் கருதினால் அது பச்சையாகும். அந்தப் படமோ பல உயிரிகளில் கண்டறிந்த வினைகளைத் தொகுத்து வரைந்த பொதுப்படம். நைட்ரேட்டை ஒடுக்கும் நொதிகளுக்கும் அதில் இடமுண்டு. ஆகவே பத்துப் பெட்டிகள் பச்சையான பின்னும் நைட்ரஜன் அம்மோனியாவாகும் படி மட்டும் நிறமற்றே இருக்கக்கூடும். தாமிரபரணிப் பாசன வரைபடத்தில் கன்னடியன் கால்வாய் இருக்கிறது என்பதற்காகத் தம் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக எந்த விவசாயியும் சொல்வதில்லை.

அந்தப் படியே பச்சையாகிவிட்டாலும் அவசரம் கூடாது. அந்தப் படியைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதிக்கு நிஃப்எச், நிஃப்டி, நிஃப்கே ஆகிய மூன்று மரபணுக்கள் வேண்டும். அதன் இரும்பு-மாலிப்டினம் துணைக்காரணியைக் கட்டியெழுப்ப நிஃப்இ, நிஃப்என், நிஃப்பி ஆகியவையும் தேவை. நிஃப்எச் ஒன்றை மட்டும் கண்டு முடிவெடுப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களில் பச்சைய நிறமியை உருவாக்கும் நொதியின் ஓர் அலகு, வரிசையிலும் வடிவத்திலும் அதற்கு நெருங்கிய உறவு என்பதால், ஒற்றுமையை மட்டும் பார்க்கும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக்கூடும்.

புரோக்கா போன்ற கருவிகள் மரபணுவுக்குப் பெயரிடுவது, முன்பே பெயரிடப்பட்ட புரதங்களோடு ஒப்பிட்டுத்தான். மூலப்பதிவில் பிழை இருந்தால் அதுவும் கூடவே இறங்கிவரும். வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் (BLAST) தரும் இ-மதிப்பு, அதாவது இத்தகைய ஒற்றுமை தற்செயலாக எத்தனை முறை கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு, மிகச் சிறியது என்பது, அந்த ஒற்றுமை தற்செயலன்று என்பதற்கு மட்டுமே சான்று. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதற்கன்று. தரவுத்தளத்தின் அளவு மாறினால் அதே ஒப்பீட்டின் இ-மதிப்பும் மாறும் என்பதால், ஒரு நாள் பார்த்த எண்ணை வேறொரு தளத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடுவதும் பொருந்தாது.

இதற்கு எதிரான தவறு, காணாததை இல்லை என்று எழுதுவது. ஜீனோம் துண்டுகளாகவே நிற்கும்போது தேடும் மரபணு இடைவெளியில் விழுந்திருக்கலாம். ஆகவே ஒற்றை நகலாக இருக்க வேண்டிய மரபணுக்களைச் செக்எம் (CheckM) என்ற மென்பொருள் கொண்டு எண்ணிப் பார்ப்பது நல்லது: பல குறைந்தால் தொகுப்பு முழுமையற்றது, பல இரட்டித்தால் வளர்ப்பில் வேறொரு பாக்டீரியா கலந்திருக்கலாம். மரபணு வரிசையைப் புரதமாக மொழிபெயர்க்கும் மரபுக்குறி அட்டவணையையும் கவனிக்க வேண்டும்: மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியாக்களுக்கு அதன் எண் 4. வழக்கமான 11ஐ விட்டுவைத்தால் புரதங்கள் நடுவிலேயே அறுந்துபோகும்.

மரபணுப் பட்டியலை எக்ஸெலில் திறப்பவர்கள் மனிதத் தரவில் செப்ட்2 என்ற பெயர் செப்டம்பர் 2 ஆக மாறுவதைப் பார்த்திருப்பார்கள். இத்தொல்லையால்தான் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அதனைச் செப்டின்2 என்று மாற்றிவிட்டது.

மென்பொருளின் பதிப்பு எண்ணையும் தரவுத்தளத்தைப் பதிவிறக்கிய நாளையும் குறித்துவைக்காதவர்கள், ஆறு மாதம் கழித்துத் தம் பாதைப் படத்தைத் தாமே மறுபடி வரைய முடியாமல் நிற்கிறார்கள். ஆறு நிஃப் மரபணுக்களும் அமைந்துவிட்டன என்றால், அடுத்து நைட்ரஜனேஸ் உண்மையில் வேலைசெய்கிறதா என்று காட்டும் அசெட்டிலீன் ஒடுக்கச் சோதனைக்கு ஆய்வகத்தில் இடம் கேட்கலாம்.