பெரிய டயர் மாட்டிய லாரிக்கு மீட்டரைச் சரிசெய்வது எப்படி?

புதுவயல் ஆலையில் அரிசி ஏற்றும் லாரியோ, ஆத்தங்குடிக் கல் ஏற்றும் லாரியோ, 9.00-20 டயரைக் கழற்றி அதைவிடப் பெரிய 10.00-20 மாட்டினால் அன்றிலிருந்தே வேகம் காட்டும் மீட்டர் (ஸ்பீடோமீட்டர்) குறைத்துக் காட்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு முன்னைவிட அதிக தூரம் போகிறது. கியர்பாக்ஸ் சுற்றை மட்டும்தான் எண்ணுகிறது. முள் 60-ல் நிற்கும்போது வண்டி 62-ல் ஓடும். நான்குவழிச் சாலை அல்லாத ரோட்டில் சரக்கு வண்டிக்கு 60-தான் உச்சம் என்றது மத்திய அரசின் 2018 அறிவிக்கை. கிலோமீட்டர் கணக்கும் குறையும்: வண்டி 10,000 கி.மீ. ஓடியிருந்தால் மீட்டரில் சுமார் 9,676தான் ஏறியிருக்கும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று பலர் சொல்வதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிசகு.

முதலில் அந்த டயர் உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற அளவுதானா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 10.00-20க்கு 7.5 அங்குல ரிம்தான் பொருத்தம். பின்பக்கம் இரட்டைச் சக்கரத்தில் லோடு ஏறியதும் இரண்டு டயரும் உரசக் கூடாது. உரசினால் சூடேறி வெடிக்கும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மீட்டர் பக்கம் போக வேண்டும்.

அளவு எடுப்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை வைத்தோ, விட்டத்தை அளந்து 3.14-ஆல் பெருக்கியோ கணக்குப் போடாதீர்கள். லோடு ஏறினால் டயர் தரையில் அமுங்கும்; ஒரு சுற்றில் அது ஓடும் தூரம் அந்தக் கணக்கைவிடக் குறைவு. நைலானுக்கும் ரேடியலுக்கும், கம்பெனிக்குக் கம்பெனியும், வித்தியாசம் உண்டு. ஆகவே தரையில் உருட்டித்தான் அளக்க வேண்டும். நெல் காயப்போடும் சிமென்ட் களம் இதற்கு அருமையான இடம். வழக்கமான லோடு, சரியான காத்து. கார்டன் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டு) சுழற்றுவது பின்சக்கரத்தைத்தான், அதனால் அளவும் அங்கேதான். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். வண்டியை நேராக, மெதுவாக நகர்த்தி, டயர்க் கோடு 5-ஆவது முறை தரைக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை 30 மீட்டர் டேப்பால் அளந்து 5-ஆல் வகுங்கள். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் 3 செ.மீ. பிசகே ஒரு சதவீதம் ஆகிவிடும்.

5 சுற்றுக்குப் பழைய டயர் 15.52 மீட்டர், புதியது 16.04 மீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 16.04 ÷ 15.52 = 1.0335. இனி எல்லா வேலைக்கும் இந்த எண்தான்.

பழைய டயரைக் கழற்றும் முன்பே ஜி.பி.எஸ். வேகத்தையும் மீட்டரையும் ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். பல மீட்டர்கள் கம்பெனியிலிருந்தே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வருகின்றன. முன்பு 60 காட்டும்போது உண்மை வேகம் 57 என்றால், பெரிய டயரில் அது 58.9, முள் இன்னும் பாதுகாப்பான பக்கம்தான் இருக்கிறது. அப்போதும் கிலோமீட்டர் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 20 கி.மீ. ஓட்டி ஜி.பி.எஸ். தூரத்தோடு அதைத் தனியே ஒப்பிட வேண்டும்.

கேபிள் மீட்டர் உள்ள பழைய வண்டியில் திருத்தம் கியர்பாக்ஸில் இருக்கிறது. கேபிளைச் சுழற்றும் சிறு பினியனின் (பல்சக்கரத்தின்) பல்லை எண்ணுங்கள். 20 பல் என்றால் 20 ÷ 1.0335 = 19.35, 19 பல் போடுங்கள். பல் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுழலும். 19 போட்டால் உண்மையான 60-ல் மீட்டர் 61 காட்டும். கூட்டிக் காட்டுவது பரவாயில்லை, குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. பினியன் உள்ளிருக்கும் கியரோடு சரியாகக் கடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) புதிதாகப் போடுங்கள். பொருந்தும் பினியன் கிடைக்காவிட்டால் கேபிளுக்கு நடுவே மாட்டி அதன் சுழற்சியைக் கூட்டும் ரேஷியோ பாக்ஸ் உண்டு. கேபிளுக்குக் கிரீஸ் வைக்கும்போது மீட்டர் பக்கத்து நாலு விரற்கடையை விட்டுவிடுங்கள். கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போனால் முள் ஒட்டிக்கொள்ளும்.

கேபிளுக்குப் பதில் சென்சார் உள்ள வண்டியில், அது அனுப்பும் மின்துடிப்பின் (பல்ஸ்) எண்ணிக்கைதான் கணக்கு. ஹவுசிங் ரேஷியோ (பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற கார்டன் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) 5.857, சென்சார் சுற்றுக்கு 8 துடிப்பு, பழைய டயரின் சுற்று 3.104 மீட்டர் என்றால், 8 × 5.857 × 1000 ÷ 3.104 = கிலோமீட்டருக்கு 15,095. புதிய டயரின் 3.208-க்கு 14,606. மீட்டருக்குள் பதியும் இந்த எண் குறைய வேண்டும். ஆனால் ஒயரின் நடுவே மாட்டும் கரெக்டர் பெட்டியில் துடிப்பைக் கூட்ட வேண்டும்: 1.0335 மடங்கு. இந்த இரண்டையும் குழப்பித் தலைகீழாகப் போட்டால் பிசகு இரட்டிப்பாகிவிடும்.

கரெக்டர் வாங்கும்போது 24 வோல்ட்டுக்கு உரியதா என்று பாருங்கள். பிக்கப் வண்டியின் 12 வோல்ட் பெட்டி லாரியில் புகைந்துவிடும். சென்சாரின் மூன்று ஒயரில் சிக்னல் ஒயரை மட்டும் வெட்டுங்கள். எது சிக்னல் என்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்த பிறகே கத்தி வையுங்கள், ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். சாவி போட்டால் வரும் லைனிலிருந்து, சிறு ஃபியூஸ் வழியாகக் கரன்ட். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புக்கு நம் ஊர்ச் செம்மண் புழுதியும் மழையும் சேர்ந்தால் போதும், முள் துள்ளித் துள்ளி பூஜ்யத்தில் விழும். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பெட்டியைக் கேபினுக்குள் மாட்டுங்கள்.

புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியில் எந்த ஒயரையும் வெட்ட வேண்டாம். வேகக் கணக்கு ஈ.சி.யு.வுக்கும் (இன்ஜின் கம்ப்யூட்டருக்கும்) போகிறது; கை வைத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு டயர் அளவை மாற்றச் சொல்லுங்கள். வேகத்துக்கு உச்சவரம்பு போடும் ஸ்பீடு கவர்னரையும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்: சரக்கு வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 118 சொல்லும் 80, பழைய அளவே இருந்தால், பெரிய டயரில் 82.7 ஆகிவிடும். கவர்னரின் சீல் உடைக்கும் வேலை அனுமதி பெற்றவருக்கு மட்டும்தான். முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு என்று மாட்டினால் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., சக்கரங்களின் வேகம் பொருந்தாமல் விளக்கைப் போடும். ஆறும் ஒரே அளவாக இருக்கட்டும்.

சோதனைக்குத் திருமயம் – காரைக்குடி – தேவகோட்டை சாலையில் மர நிழல் இல்லாத நேர்ப்பகுதி போதும். 40-லும் 60-லும் குறைந்தது 10 விநாடி வேகம் மாறாமல் ஓட்டுங்கள், ஜி.பி.எஸ். பின்தங்கித்தான் காட்டும். எண்ணைப் படிப்பது டிரைவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்ப்பதானால் ஒரு கல் போதாது, ஐந்து கி.மீ. பாருங்கள்.

திருத்திய தேதியையும் அன்றைய மீட்டர் அளவையும் வண்டி நோட்டில் எழுதுங்கள். ஓடிய கிலோமீட்டரைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அளவு எடுப்பது புது டயரில்தான். தேய்ந்த டயரில் அளந்து திருத்தினால், அடுத்த செட் புதிதாக ஏறிய நாளே மீட்டர் மறுபடியும் குறைத்துக் காட்டத் தொடங்கும்.