மீட்டரில் எண் சரி, பாட்டு மட்டும் ஏன் சரியில்லை? மாஸ்டரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கோலாலம்பூர் செந்தூலில் எங்களைப் போன்ற சின்ன ஸ்டூடியோக்களில் கூட்டம் தொடங்கிவிடும். உருமி மேளக் குழுக்கள் புதுப் பாட்டோடு வருவார்கள், திருவிழாவுக்கு முன்னால் வெளியாகியே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அப்படி ஒரு பாட்டை மாஸ்டர் செய்து, அதாவது கலந்து முடித்த பாட்டின் சத்தத்தையும் சமநிலையையும் வெளியீட்டுக்காகக் கடைசியாகச் சரிசெய்து, கொடுத்தேன். அது ஸ்பாட்டிஃபையில் ஏறிய மறுநாளே குழுத் தலைவர் கூப்பிட்டார். “அண்ணே, மைவி கார்ல போட்டுப் பார்த்தேன், விருத்தமே கேக்கலண்ணே. சவுண்ட கூட்டினா உருமி வந்து காத அடைக்குது.”

சத்தத்தை அளக்கும் மீட்டரைத் திறந்து பார்த்தேன். எண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் நான் தவறியிருந்தேன்.

பாட்டு நான்கு நிமிடம். முதல் நிமிடம் தாளமே இல்லாமல் தனிக்குரலில் விருத்தம், ஏறக்குறைய மைனஸ் 26 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). மீதி மூன்று நிமிடமும் உருமி, தவில், கோரஸ் எல்லாம் சேர்ந்து மைனஸ் 10. முழுப் பாட்டின் சராசரியாக மீட்டர் காட்டும் இன்டக்ரேட்டட் அளவும் அதே மைனஸ் 10தான். அதாவது விருத்தம் கணக்கிலேயே சேரவில்லை. இது மீட்டரின் கோளாறு இல்லை. சத்தத்தை அளக்க இன்று எல்லோரும் பின்பற்றும் பிஎஸ்.1770 என்ற முறை 2006இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் கொண்டுவந்தது, அதில் 2011இல் ஒரு வடிகட்டலைச் சேர்த்தார்கள்: முதலில் ஒரு சராசரி எடுத்து, அதற்கு 10 அலகுக்கும் கீழே இருக்கும் பகுதிகளைத் தள்ளிவிட்டு மறுபடி சராசரி எடுக்கும். வசனங்களுக்கு இடையே வரும் அமைதி கணக்கைக் கெடுக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் நம் பாட்டில் தள்ளுபடியானது விருத்தம். ஸ்பாட்டிஃபை மைனஸ் 10 என்று பார்த்து, தன் அளவான மைனஸ் 14க்குக் கொண்டுவர முழுப் பாட்டையும் 4 டெசிபெல் இறக்கியது, விருத்தம் மைனஸ் 30க்குப் போனது. காரில் ஏர்கான் சத்தத்துக்கு நடுவில் அது எங்கே கேட்கும்?

அதே மீட்டரில் லவுட்னஸ் ரேஞ்ச் என்ற இன்னொரு எண், அதாவது மெல்லிய பகுதிக்கும் சத்தமான பகுதிக்கும் உள்ள இடைவெளி, 16 என்று காட்டிக்கொண்டே இருந்தது, நான் பார்க்கவில்லை. அப்புறம், உச்சத்தை ஒரு வரம்புக்கு மேல் போகவிடாத லிமிட்டருக்கு முன்னால், விருத்தத்தை வரிவரியாக வால்யூம் ஆட்டோமேஷனில் 7 டெசிபெல் ஏற்றினேன், உருமி நுழையும் இடத்தைத் தொடவே இல்லை. இப்போது விருத்தமும் கணக்கில் சேர்ந்ததால் இன்டக்ரேட்டட் மைனஸ் 11 ஆனது. பாட்டின் சத்தத்தை நான் கூட்டியிருக்கிறேன், எண்ணோ ஒன்று குறைந்திருக்கிறது! ஸ்பாட்டிஃபை இறக்குவதும் 3 டெசிபெல்தான் என்பதால் விருத்தம் மைனஸ் 22இல் நின்றது, உருமி வரும்போது கிடைக்கும் அந்தச் சிலிர்ப்பும் கெடவில்லை.

இதை இவ்வளவு நேரம் சொல்லக் காரணம், இன்டக்ரேட்டட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு “மைனஸ் 14 வந்துவிட்டது, முடிந்தது” என்று எக்ஸ்போர்ட் செய்யும் தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மைனஸ் 14 என்பது ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஓட்டும் அளவு. ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் போட்டால் அது மைனஸ் 16. யூடியூப் சத்தமான பாட்டை இறக்கும், சத்தம் குறைந்த பாட்டை ஏற்றாது. கேட்பவர் விரும்பினால் ஸ்பாட்டிஃபையில் இப்படிச் சத்தத்தைச் சமப்படுத்துவதை அணைத்தும் வைக்கலாம். இவை எல்லாம் பாட்டு ஓடும் இடத்தின் விதிகள், நீங்கள் அடித்தே ஆக வேண்டிய இலக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மைனஸ் 9இல்தான் உங்கள் குத்துப் பாட்டுக்கு உயிர் வருகிறது என்றால் அங்கேயே விடுங்கள், 5 டெசிபெல் இறங்கி ஓடும், அவ்வளவுதான். வீணை, குரல், கொஞ்சம் கஞ்சிரா மட்டும் உள்ள பாட்டு மைனஸ் 17இல் அழகாக இருந்தால் அதை லிமிட்டரில் போட்டு நசுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: சத்தம் குறைந்த பாட்டை ஸ்பாட்டிஃபை ஏற்றுவது பீக்குக்கு, அதாவது அலையின் உச்சத்துக்கு, இடம் இருக்கும் அளவுக்குத்தான். பீக் ஏற்கெனவே மைனஸ் 1இல் இருந்தால் ஏற இடமே கிடையாது.

இன்னொன்று, ஒரே லஃப்ஸ் எண் உள்ள இரண்டு பாட்டு ஒரே சத்தமாகக் கேட்கும் என்று நம்பாதீர்கள். இந்தக் கணக்கு நம் காதைப் போலச் செய்வதற்காக அடிமட்ட பேஸைக் குறைத்துக்கொண்டு, சுமார் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை 4 டெசிபெல் வரை கூட்டிக்கொள்கிறது. அதனால் ஜால்ரா தூக்கலாக உள்ள மிக்ஸ் மீட்டரில் சத்தமாகத் தெரியும். சப்வூஃபரை நம்பிச் செய்த மிக்ஸ் அதே எண்ணில் நெஞ்சை அதிர வைக்கும்.

அளக்கும் விதத்திலும் கோட்டை விடுகிறோம். பல்லவியை மட்டும் நாலு முறை லூப்பில் ஓட்டிவிட்டு அந்த எண்ணைப் பாட்டின் எண்ணாக எடுத்துக்கொள்வது, முந்தைய பாட்டின் கணக்கு உள்ளே இருக்க ரீசெட் செய்யாமல் அடுத்ததை ஓட்டுவது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, மீட்டரை ரீசெட் செய்து, முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரு முறை ஓட்டுங்கள். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

மீட்டர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். லிமிட்டருக்கு முன்னால் வைத்து அளந்தால் அது வேறு பாட்டின் அளவு. ஹெட்போனைச் சமப்படுத்தும் பிளகினை (மென்பொருளில் சேர்க்கும் சிறு கருவி), முழுப் பாட்டும் கடந்துபோகும் மாஸ்டர் சேனலில் போட்டு வேலை செய்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது உங்கள் காதுக்காகப் போட்ட திருத்தம், பாட்டுக்கானது இல்லை. மீட்டர் அதற்குப் பின்னால் இருந்தால் லஃப்ஸ், ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்), ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்ற படம்) மூன்றும் பொய் சொல்லும். ஒரு முறை அதை அணைக்க மறந்து எக்ஸ்போர்ட் செய்து, பேஸ் மெலிந்துபோன ஒரு கல்யாணப் பாட்டைக் கொடுத்து, திரும்ப வாங்கிச் சரிசெய்தேன். அதிலிருந்து அந்தப் பிளகினை மானிட்டருக்குப் போகும் தனிப் பாதையில் மட்டும்தான் வைக்கிறேன்.

ட்ரூ பீக் விஷயத்துக்கு வருவோம். மைனஸ் 0.1இல் லிமிட்டரை நிறுத்தி, சிவப்பு விளக்கு எரியவில்லை, பாட்டு உடையாது என்று நினைப்பது பழைய பழக்கம். சாதாரண பீக் மீட்டர் பார்ப்பது நொடிக்கு 44,100 புள்ளிகளை. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அலை இன்னும் மேலே போய் வரலாம், ட்ரூ பீக் மீட்டர் புள்ளிகளை நான்கு மடங்காக்கிப் பார்த்து அதைப் பிடிக்கிறது. ஸ்ட்ரீமிங்குக்காக ஏஏசி, ஆக் வோர்பிஸ் போன்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றும்போது பீக் இன்னும் கொஞ்சம் ஏறும். ஸ்பாட்டிஃபை கேட்பது மைனஸ் 1, மைனஸ் 14ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் மைனஸ் 2. ஆனால் லிமிட்டரில் ட்ரூ பீக் பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். சில லிமிட்டர்களில் அது தவிலின் முதல் அடியை மழுக்கிவிடுகிறது, போட்டும் அணைத்தும் கேட்டுப் பாருங்கள். மழுங்கினால் அதை அணைத்துவிட்டு உச்சவரம்பை இன்னும் கொஞ்சம் இறக்கி, ட்ரூ பீக் மீட்டரில் சரிபார்ப்பது எனக்குப் பிடித்த வழி.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்து ரெஃபரன்ஸ் பாட்டின், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பாட்டின், வளைகோட்டை அப்படியே நகல் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் சத்தமானதுதான் எப்போதும் நல்லதாகப் படும். அடுத்து, அந்த ரெஃபரன்ஸ் எங்கிருந்து வந்தது? யூடியூபிலிருந்து இறக்கிய கோப்பு என்றால் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் மேல்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ஒரு தம்பி தன் பாட்டையும் அங்கே ஃபில்ட்டர் போட்டு வெட்டிக் கொண்டுவந்தார். அனலைசர் தன் படத்தை எவ்வளவு சாய்த்துக் காட்டுகிறது என்ற சாய்வு அமைப்பையும் பாருங்கள்: வொக்ஸெங்கோ ஸ்பான் நிறுவியவுடன் ஆக்டேவுக்கு 4.5 டெசிபெல் சாய்வில் வரும், இன்னொரு அனலைசர் 3இலோ சாய்வே இல்லாமலோ வரும். ஒன்றில் சமமாகத் தெரிவது மற்றதில் மலைச்சரிவாகத் தெரியும். அப்புறம் எஃப்எஃப்டி அளவு, அதாவது அனலைசர் ஒரு தடவைக்கு எத்தனை புள்ளிகளை எடுத்து அலசுகிறது என்பது. 2048இல் ஒவ்வொரு கட்டமும் சுமார் 21 ஹெர்ட்ஸ் அகலம், அதில் 40க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடுவது வீண். 8192 வைத்தால் 5 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பிரிந்து தெரியும், ஆனால் படம் மெதுவாகும், வேகமான அடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பேஸுக்கு ஓர் அமைப்பு, அடிகளுக்கு ஓர் அமைப்பு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

கடைசியாக கோரிலேஷன் மீட்டர். இடதும் வலதும் ஒத்துப்போனால் பிளஸ் 1, முழுக்க எதிராகப் போனால் மைனஸ் 1. முள் பிளஸ் பக்கம் இருக்கிறது, இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோவில் பிரச்சினை வராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தைப்பூசத்தில் பத்துமலைக்கோ பினாங்கில் தண்ணீர்மலைக்கோ போய்ப் பாருங்கள், தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் ஒற்றை ஒலிபெருக்கியில்தான் பல பாட்டுகள் ஓடுகின்றன. நம் பாட்டு வாழும் இடம் அது.

போன வருடம் வந்த ஒரு மிக்ஸில் முள் பிளஸ் 0.6இல் நன்றாகவே நின்றது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மட்டும் மைனஸ் பக்கம் ஒரு துள்ளு. நடுவில் நிற்கும் குரல்தான் முள்ளைப் பிளஸில் பிடித்து வைத்திருந்தது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வடிகட்டி அளந்தேன், மைனஸ் 0.5. உருமியின் இரண்டு முகத்துக்கும் ஒவ்வொரு மைக் வைத்து, ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் போட்டிருந்தார்கள். ஒரு தோல் உள்ளே போகும்போது மற்றது வெளியே தள்ள, மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிட்டன, குச்சி தேயும்போது வரும் அந்த உறுமல் பெரும்பாலும் காணோம். இதை மாஸ்டரில் சரிசெய்ய முடியாது, ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாகத் திருப்பினால் குரலும் சேர்ந்து திரும்பிவிடும். மிக்ஸ் செய்த தம்பியைக் கூப்பிட்டு ஒரு மைக்கின் போலாரிட்டியை மட்டும் திருப்பச் சொன்னேன். அன்று ராத்திரியே புதுக் கோப்பு வந்தது, மோனோவில் ஒற்றை ஸ்பீக்கரிலேயே போட்டோம், உருமி உறுமியது.