கிராம சபையில் பள்ளி, வீட்டு வரி, குடிநீர் குறித்துத் தீர்மானம் கொண்டுவருவது எப்படி?

கலிபோர்னியாவில் குடியேறிவிட்ட நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, அங்கே பள்ளிக்கூடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்பதையே வாக்குச்சீட்டில் மக்களிடம் கேட்பார்கள் என்றும், 55 விழுக்காட்டினர் சம்மதித்தால் அது நிறைவேறும் என்றும், அந்தக் கடனை அடைக்கத் தங்கள் சொத்து வரி உயரும் என்று தெரிந்தேதான் வாக்களிக்கிறோம் என்றும் சொல்லக் கேட்டிருக்கலாம். நமக்கு அப்படியொரு வாக்குச்சீட்டு கிடையாது. வீட்டு வரியின் வீதத்தை, அரசு வகுத்த விதிகளின் வரம்புக்குள் ஊராட்சியே முடிவு செய்கிறது. ஆனால் அந்த வரிப்பணம் எதற்குச் செலவானது, அடுத்த ஆண்டு எதற்குச் செலவாக வேண்டும் என்று கேட்டு எழுத்தில் பதிய வைக்கும் இடம் ஒன்று நமக்கு உண்டு. அது கிராம சபை.

முதலில், நீங்கள் கிராம ஊராட்சியில் வசிக்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குமரி மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்களில் 95 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஏறக்குறைய ஐம்பது பேரூராட்சிகளும் இருக்கின்றன. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, பார்வைக்கு முழுக் கிராமமாகத் தெரியும் ஒரு விளை (தோட்டத்தோடு கூடிய குடியிருப்பு), கணக்கில் பேரூராட்சி வார்டாக இருப்பது இங்கே சர்வ சாதாரணம். வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி ஆகியவற்றில் வசிப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அமையும் வார்டு குழுவும் பகுதி சபாவுமே அவர்களுக்குரிய மேடை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசி நாள் உள்ளாட்சி நாள் என்று பெயர் பெற்றது; 1956இல் நம் மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே என்பதால் ஊரில் பலருக்கு எளிதில் நினைவில் நிற்கும். புதிய பணிகளைக் கேட்க நினைப்பவர்கள் அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்தைத் தவற விடக்கூடாது. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அந்தச் சமயத்தில்தான் உருவாகிறது.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். தோவாளைப் பக்கம் வீடுகள் நெருங்கியிருப்பதால் ஆள் சேர்ப்பது எளிது. மேற்கே ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள் தனித்து நிற்பதால், ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொன்னால்தான் ஆள் வரும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு முற்பகல் பத்தரை மணிக்கு மேல் வசதிப்படும் என்பதையும் ஊராட்சி செயலரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி, தீர்மானத்தை எழுதுவது. பெரும்பாலான கோரிக்கைகள் தோற்பது இங்கேதான். "பள்ளியைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் அது வெறும் ஆசை. யார், எங்கே, எவ்வளவு, எப்போது என்ற நான்கும் இருந்தால்தான் அது தீர்மானம். ஒரு மாதிரி: "இவ்வூராட்சியின் 4ஆவது வார்டில் உள்ள அரசு தொடக்கப்பள்ளியின் வடபுறச் சுற்றுச்சுவர் 12 மீட்டர் நீளத்துக்கு இடிந்து கிடப்பதால், அதைக் கட்டும் பணியை அடுத்த நிதியாண்டின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும், மதிப்பீடு தயாரித்துத் தருமாறு ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளவும் தீர்மானிக்கப்படுகிறது." தெருவிளக்கு என்றால் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். சாலை என்றால் அது ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் "அது எங்கள் சாலை இல்லை" என்ற ஒரே பதிலில் உங்கள் முறை முடிந்துவிடும்.

பள்ளி விஷயத்தில் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் நிதியுதவி பெறும் பள்ளிகள் ஏராளம். அவற்றின் கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதால், பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டே பேசுங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால், பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே கோரிக்கையை முதலில் தீர்மானமாக்கி, அதன் நகலைக் கிராம சபையில் கொடுத்தால் எடை கூடும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2021 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பள்ளிக் கழிப்பறைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இப்படி ஒதுக்கிய பங்கிலிருந்து கேட்கலாம். சுற்றுச்சுவருக்குக் கேட்டால் மறுத்துவிடுவார்கள், மறுப்பதும் சரிதான்.

வீட்டு வரியைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் போடுவதில் பெரிய பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதைவிட, வரவு செலவைக் காட்டும் படிவம் 30ஐ வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். வரி நிலுவை எவ்வளவு, வரி விதிக்கப்படாமலேயே நிற்கும் பெரிய கட்டடங்கள் எத்தனை என்று கேளுங்கள். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வரவு செலவுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும் சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டியவை. ஆகவே இதைக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

கூட்டத்தன்று செய்யக்கூடாத தவறு ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஓர் ஆண்டு, எங்கள் பகுதிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வருவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். எல்லாரும் தலையசைத்தார்கள். நான் உள்ளே நுழைந்தபோதே கையெழுத்துப் போட்டிருந்ததால், கூட்டம் முடிந்ததும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தபோது, "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்ற மூன்று சொற்கள்தான் இருந்தன. அதற்குக் கீழே அடுத்த பொருள் தொடங்கியிருந்தது. வருகைப் பதிவில் கையெழுத்திடுவது வேறு, தீர்மானத்துக்கு ஒப்புதல் தருவது வேறு. உங்கள் தீர்மானத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டு போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். அது புத்தகத்தில் எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்படும் வரை எழுந்து போகாதீர்கள்.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போயின. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடத்தான் செய்யும்.

இரண்டு வாரம் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் தீர்மான நகலைக் கேளுங்கள். தரவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கூட்டத் தேதியையும் பொருளையும் குறிப்பிட்டு, ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் விரைவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் கைக்கு வந்ததும், அதை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். அதன் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த கிராம சபையில் உங்கள் முதல் கேள்வியாக அதையே எழுப்புங்கள்.