மும்பையில் அறை எடுக்கும் முன் ஸ்டேஷனைக் கேளுங்கள்

போன வாரம் காரைக்குடி செக்காலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். தீபாவளி லீவுக்குக் குடும்பத்தோடு மும்பை போகிறார்களாம். ரயில் டிக்கெட், லாட்ஜ் புக்கிங் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து அண்ணன் மேசையில் பரப்பியிருந்தார். லாட்ஜ் முகவரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வசாய். ஒன்பது வருடத்துக்கு முன் நான் அறை எடுத்த அதே ஊர்.

பர்ஸைப் பத்திரமாக வையுங்கள், தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நம் பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வாடகையை மட்டும் பார்த்து அறை எடுப்பது

"தென் மும்பையில ஃபோர்ட் பக்கம் கேட்கிறதுல பாதிதான் தம்பி" என்றார் அண்ணன். அந்தக் கணக்கைத்தான் நானும் போட்டேன். நாளைக்கு 650 ரூபாய் மிச்சம், நாலு நாளைக்கு 2,600.

வசாய் மும்பையே இல்லை, பால்கர் மாவட்டம். தென் மும்பையின் சர்ச்கேட் ஸ்டேஷனிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். காரைக்குடியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் திருமயத்தில் அறை எடுத்தாலே "ஏன் அவ்வளவு தூரம்?" என்று கேட்போம். இது புதுக்கோட்டையையும் தாண்டிய தூரம்.

மும்பை லோக்கல் ரயிலில் காலையில் கூட்டம் தெற்கே போகும், சாயங்காலம் வடக்கே திரும்பும். வடகோடியில் தங்கினால் இரண்டு வேளையும் அந்த நெரிசலில்தான் போய்வர வேண்டும். ஸ்டேஷனில் வண்டி நிற்பது சில நொடிகள். இறங்குகிறவர்கள் முந்தின ஸ்டேஷனிலேயே வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் சாயங்காலம் ஆத்தாவும் என் மனைவியும் பெண்கள் பெட்டியில், நான் பக்கத்துப் பெட்டியில். வசாய் ரோட்டில் நான் இறங்கினேன், மனைவி இறங்கினாள், ஆத்தா இறங்கவில்லை. உட்கார்ந்திருந்தவர் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஆத்தாவின் போன் மனைவியின் பையில். ஆத்தாவுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது.

ஊரில் கிளம்பும்போது என் நம்பரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒரு துண்டுச் சீட்டை முந்தானையில் முடிந்துவிட்டிருந்தேன். கூட வந்த ஒரு மராத்திக்காரம்மா ஆத்தாவைக் கைப்பிடியாக அடுத்த ஸ்டேஷனான நாலாசோப்பாராவில் இறக்கி, அந்த முடிச்சை அவிழ்த்துப் படித்து எனக்குப் போன் போட்டார். நான் போய்ச் சேரும் வரை பிளாட்பாரத்தில் கூடவே நின்றிருந்தார். அந்த அம்மா பெயரைக்கூடக் கேட்காமல் வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் "நான் ரூமிலேயே இருந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றுவிட்டார் ஆத்தா. மூன்றாம் நாள் டாக்சி வைத்துக் கூட்டிப்போனதில் மிச்சம் பிடித்த பணத்துக்கு மேலேயே போய்விட்டது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்ற பயத்தில் அன்றைக்கும் சீக்கிரமே கிளம்பிவிட்டோம். மெரைன் டிரைவில் கடலை ஒட்டி வரிசையாக விளக்கு எரிவதைப் பார்க்கத்தான் ஆத்தா அவ்வளவு தூரம் வந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

தாதர் அல்லது மாட்டுங்கா பக்கம் எடுங்கள். தாதரில் வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டு லைனும் சேர்கின்றன. மாட்டுங்காவில் தமிழ்க் குரல் கேட்கும், பில்டர் காபி கிடைக்கும். லாட்ஜுக்குப் போன் செய்து எந்த ஸ்டேஷன், நடந்தால் எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் வேறு லாட்ஜ் பாருங்கள். நவி மும்பையும் தனி ஊர்தான், பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

அண்ணன் அன்று ராத்திரியே புக்கிங்கை மாற்றிவிட்டார்.

ஃபாஸ்ட், ஸ்லோ பார்க்காமல் ஏறுவது

இண்டிகேட்டரில் எஃப் என்று இருந்தால் பல ஸ்டேஷன்களில் நிற்காது. எஸ் எல்லாவற்றிலும் நிற்கும். வயசானவர்கள் கூட இருந்தால் ஸ்லோ வண்டிதான். சர்ச்கேட்டில் புறப்படும் வண்டியில் ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும்.

முதல் வகுப்புப் பெட்டி

அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. சாதா டிக்கெட்டோடு ஏறினால் அபராதம்.

ஆட்டோவைத் தேடுவது

பாந்திராவுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது. கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஏறி மீட்டரைப் போடச் சொல்லுங்கள். நம் ஊர் மாதிரி ஏறும் முன் பேரம் பேசப் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

எலிஃபண்டா

எலிஃபண்டா தீவின் குகைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

பலகாரப் பை

தேன்குழல், மாவுருண்டை டப்பாவோடு காலை 8 மணிக்கு லோக்கலில் ஏறாதீர்கள். 11 மணிக்கு மேல் போங்கள்.