சிவபுராணம்: நாளுக்கு இரண்டடி, ஒரு மண்டலம்

திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணத்தை நிதானமாக ஓதினாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் பலருக்கு அது வாயோடு நின்றுவிடுகிறது. ஓதுவது எப்படி என்று நூலே சொல்கிறது: ‘சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்’. அந்த ‘பொருள் உணர்ந்து’ என்பதற்கான வழிதான் இது.

சிவபுராணம் 95 அடி. நாளுக்கு இரண்டடி என்று வைத்தால் 47 நாளில் 94 அடி முடியும். 48ஆம் நாளுக்கு மிஞ்சுவது ‘பல்லோரும் ஏத்தப் பணிந்து’ என்ற கடைசி அடி. கலிவெண்பாவின் ஈற்றடி என்பதால் மூன்றே சீர். சரியாக ஒரு மண்டலம்.

வேண்டியவை மூன்று: மூலமும் பதம் பிரித்த பாடமும் பதவுரையும் உள்ள ஒரு பதிப்பு, ஒரு நோட்டு, தினமும் ஒரே வேளையில் அரைமணி நேரம். வெறும் பொழிப்புரை போதாது. அது கருத்தைச் சொல்லும், சொல்லுக்குச் சொல் பொருள் தராது.

முதல் பத்து நிமிடம், அதுவரை படித்த அடிகளை வாய்விட்டு ஓதுங்கள். அடுத்த பத்து நிமிடம் அன்றைய இரண்டடி. முதலில் உரையைப் பார்க்காமல், உங்களுக்குப் புரிந்ததை நோட்டில் எழுதுங்கள். பிறகு பதவுரையைத் திறந்து, மாறியிருக்கும் சொல்லை மட்டும் அடிக்கோடிடுங்கள். மீதி நேரம் புத்தகத்தை மூடிவிட்டு அந்த அடிகளோடு சும்மா இருங்கள். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை (அதிலேயே ஒன்றி நிற்பது) என்று சைவம் வைத்த படிகளில் பெரும்பாலோர் தவறவிடுவது இரண்டாவதைத்தான். இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

உரைக்கு முன் நீங்களே எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. தெரியாத சொல்லை அகராதியில் தேடுவோம். தெரிந்ததாக நினைக்கும் சொல்லைத் தேட மாட்டோம். ‘வேகங் கெடுத்தாண்ட வேந்தன்’ என்பதில் வேகம் ஓட்டத்தின் வேகமல்ல, மனத்தின் பரபரப்பு. ‘பூடு’ குழம்பில் போடும் பூண்டல்ல, சிறு செடி. ‘வீடு உற்றேன்’ என்பதில் வீடு, விடுதலை.

எல்லாவற்றையும்விட ‘இளைத்தேன்’. புல்லாகி, பூடாய், புழுவாய், மரமாகி என்று 26ஆம் அடியில் தொடங்கும் வாக்கியம், கல், பேய், அசுரர், முனிவர், தேவர் எல்லாம் கடந்து 31ஆம் அடியில் ‘எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்’ என்றுதான் முடிகிறது. இங்கே இளைத்தல் மெலிவதல்ல, களைத்துப்போவது. அந்த ஆறு அடியையும் வழியில் நிற்காமல் ஓதிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு வரும்போது உங்கள் மூச்சும் களைத்திருக்கும். பொருள் உடம்பில் இறங்குவது என்றால் அதுதான். ஆகவே 13 முதல் 16ஆம் நாள் வரை, இரண்டடிக் கணக்கு இருந்தாலும், தினமும் வினைச்சொல் வரை முழுவதையும் ஒருமுறை ஓதிவிட்டுத் தொடங்குங்கள். 17 முதல் 20 வரையிலான அடிகளுக்கும் இதே முறைதான். ‘உரைப்பன் யான்’ வந்தால்தான் அந்த வாக்கியம் நிறைவு.

ஓசையையும் விட்டுவிடக் கூடாது. முதல் அடியில் ‘வாஅழ்க’ என்று இருப்பது அச்சுப்பிழையல்ல, அளபெடை. ‘வா’வுக்கு இரண்டு மாத்திரை, அகரம் சேர்ந்து மூன்று. ‘வாழ்க’ என்று சுருக்கினால் அடி தட்டும்.

வழக்கமாகத் தடுமாறும் இடம் முதல் வாரம். முதல் 16 அடியும் வாழ்க, வெல்க, போற்றி என்றே முடிவதால், எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றி வேகம் பிடிக்கும். ஒவ்வொரு அடியிலும் இறைவனுக்கு என்ன பெயர், என்ன செயல் என்று மட்டும் குறித்தால் கை தானாக நிதானப்படும். ஒலிப்பதிவோடு சேர்ந்து ஓதுவதையும் இந்த 48 நாளுக்குத் தவிர்ப்பது நல்லது. அதன் வேகத்துக்கு நாக்கு ஓடும், மனம் பின்தங்கும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் நான்கடியாகச் சேர்த்துப் படிக்காதீர்கள்; மண்டலம் 49 நாளானால் ஒன்றும் குறைந்துவிடாது.

முடித்ததும் திருவாசகத்திலேயே 225 அடி உள்ள போற்றித் திருவகவலுக்குத் தாவ வேண்டாம். பத்தே பாட்டுள்ள திருப்பள்ளியெழுச்சியை எடுங்கள், பாட்டுக்கு நான்கு நாளாக.